வேட்டை நாயும் வேட்டைச் சட்டமும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வேட்டை வரலாறு ஏட்டுக்கும் கல்வெட்டுக்கும் மிக முற்பட்டது. கொசஸ்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். வேட்டையாடியும் சேகரித்தும் வாழ்ந்த மனித முன்னோர் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு நடமாடினர் என்பதை அவ்விடத்தின் ஆய்வுகள் உணர்த்தின. நம் காலத்தில் இம்மாவட்டத்தின் புதர்க்காடுகளையும் ஏரிக்கரைகளையும் நுணுக்கமாய் அறிந்தவர்கள் இருளர்கள். முயல், உடும்பு, வயல் எலி ஆகியவை அவர்தம் உணவாக இருந்தன. மண்வெட்டியும் கடப்பாரையும் கருவிகள். மோப்பம் பிடிக்கும் நாய் துணை. இந்த எளிய வேட்டை எவ்வாறு குற்றமாயிற்று என்பதையும், நாய்கொண்டு வேட்டையாடுவது குறித்து உலகில் நடந்த விவாதத்தில் இவர்களுக்கு இடமிருந்ததா என்பதையும் நாம் ஆராய்வது பயனுடையது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வேட்டை பற்றிய சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1873இல் சென்னை மாகாண யானைப் பாதுகாப்புச் சட்டம், 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம், 1912இல் நாடு தழுவிய காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் என்பன அவை. வேட்டை கூடாத பருவத்தை அரசு அறிவிப்பதும், உரிமம் வழங்குவதும் அக்காலச் சட்டங்களின் வழிமுறை. பொழுதுபோக்காக வேட்டையாடிய துரைமார்களுக்கு அது பொருந்தியது. அன்றாட உணவுக்காக வேட்டையாடியவர்களுக்குப் பொருந்தவில்லை. பசி பருவம் பார்த்து வருவதில்லை அன்றோ! அதே நூற்றாண்டில் உதகமண்டலத்தின் வென்லாக் புல்வெளிகளில், இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்ட நாய்க்கூட்டத்தோடு குதிரைமீதேறி நரி துரத்துவது வெள்ளை அதிகாரிகளின் நாகரிக விளையாட்டாகக் கொண்டாடப்பட்டது. அங்கு கிடைத்தது குள்ளநரியே. அதன் இறைச்சி எவருக்கும் தேவைப்படவில்லை.

விடுதலைக்குப் பின் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வேட்டை என்பதற்கு அது தரும் வரையறை விரிவானது. கொல்வது மட்டுமின்றி, கண்ணி வைத்தல், பொறி வைத்தல், விரட்டுதல், இரை காட்டி ஈர்த்தல், துரத்திப் பிடித்தல், இவற்றுக்கான முயற்சி ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். நாய்விட்டு முயல் பிடிப்பதும் இவ்வாறு வேட்டைக் குற்றமாயிற்று. தொடக்கத்தில் சில விலங்குகளுக்கு உரிமம் பெற்று வேட்டையாட இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதனையும் நீக்கியது. உதகை வேட்டைக் கழகத்தாரின் நாய்கள் உயிருள்ள நரியை விட்டு, முன்னரே இழுத்துச் சென்ற மணத் தடத்தைப் பின்தொடரலாயின. விளையாட்டுக்கு மாற்று எளிதில் கிடைத்தது. வாழ்வாதாரத்துக்கு?

பாம்புத்தோல் ஏற்றுமதி 1976இல் தடை செய்யப்பட்டபோது இருளர்களின் முதன்மை வருவாய் அற்றுப்போயிற்று. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டிலேயே விடும் இச்சங்கத்தின் பணி நாட்டின் நஞ்சுமுறி மருந்து உற்பத்திக்கே அடிப்படையானது. ஆயினும் அது தாங்கிய குடும்பங்கள் சில நூறே. எஞ்சியோரில் பலர் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட கொத்தடிமைகளாயினர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் மரபுரிமைகள் பலவற்றை ஏற்றபோதும், வேட்டையுரிமையை வெளிப்படையாகவே விலக்கிற்று. நிக்கோபார்த் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விலக்கு உண்டு.

இதே காலத்தில் பிரிட்டனிலும் நாய்வேட்டை பெரும் விவாதமாக இருந்தது. ஸ்காட்லாந்து 2002இல் அதனைத் தடை செய்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான சட்டத்தைப் பிரபுக்கள் அவை எதிர்த்தமையால், மக்களவை தன் தனியதிகாரத்தைக் கொண்டு 2004இல் அதனை நிறைவேற்றியது. 2005 பிப்ரவரி 18 முதல் அது நடைமுறைக்கு வந்தது. விலங்கின் துன்பம், கிராமப்புற மரபு, வர்க்கப் பெருமை எனப் பலவும் அங்கு வாதிக்கப்பட்டன. வாதத்தின் நடுவே நின்றது குதிரையேறிய விளையாட்டு வேட்டையே.

இவ்விடத்தில் இஸ்லாமியச் சட்டவியல் எழுப்பும் வினாக்கள் நினைக்கத்தக்கவை. திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதா, பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை விலங்குகள் பிடித்துத் தருவதை உண்ண அனுமதிக்கிறது. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களின் வினாக்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த விடைகள் அதன் நிபந்தனைகளை விளக்குகின்றன. இறைவன் பெயர் கூறி நாயை அனுப்ப வேண்டும். நாய் தனக்காக அன்றித் தன் எசமானனுக்காகப் பிடித்திருக்க வேண்டும். அது தின்றுவிட்டால் அந்த இரை விலக்கத்தக்கது. நாய் தின்பது பற்றி இமாம் மாலிக் (ரஹ்) போன்றோர் வேறு கருத்துக் கொண்டனர் என்பதும் அறியத்தக்கது. வேட்டை, மந்தை, பயிர் ஆகியவற்றின் பொருட்டு நாய் வளர்க்க அனுமதியுண்டு. உயிருள்ள ஒன்றை அம்புக்கு இலக்காக நிறுத்தி மகிழ்வதோ கண்டிக்கப்பட்டது. ஆக, தேவை என்ன, நோக்கம் என்ன, வரம்பு என்ன என்பனவே இச்சட்டவியலின் அளவுகோல்கள். முஸ்லிம் அரசவைகளின் ஆடம்பர வேட்டைகள் பலவும் இவ்வளவுகோலுக்கு முன் தலைநிமிர்ந்து நிற்கக் கூடியவை அல்ல என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வனவிலங்குகள் அருகிவிட்ட இந்நாளில் வேட்டையைத் திறந்துவிடுக என நாம் கூறவில்லை, தடை நியாயமானதே. ஆனால் தடையின் சுமை யார்மீது விழுந்தது என்பதே வினா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தொடர்ந்து தேர்வாய்கண்டிகையிலும் தொழிற்பேட்டை அமைந்தது. மேய்ச்சல் நிலம் அதற்கு ஒதுக்கப்பட்டபோது ஊரார் எதிர்த்துப் போராடினர். முயலின் புதரை வேரோடு பெயர்க்கும் இயந்திரம் வேட்டையின் வரையறைக்குள் வருவதில்லை. அப்புதரில் ஒரு முயலைத் துரத்தும் இருளரின் நாய் வருகிறது. முயலைக் காக்க முனைந்த அரசு அதன் புதரையும் காக்கக் கடமைப்பட்டது. ஓர் இனத்தின் உணவைக் குற்றமாக்கிய அரசு அதற்கீடான வாழ்வை அவ்வினத்துக்கு அளிக்கவும் கடமைப்பட்டது. வடநெம்மேலியில் சில நூறு குடும்பங்களுக்கு இயன்றது, திருவள்ளூரின் எஞ்சிய இருளர்களுக்கு இயலாது என்பதற்கு நியாயம் ஏதுமில்லை.