கூல் பிரித்தானியா

கூல் பிரித்தானியா என்பது 1990களில் பிரித்தானியாவின் இசை, கலை, ஆடை வடிவமைப்பு ஆகியவற்றில் தோன்றிய எழுச்சிக்கு ஊடகங்கள் வழங்கிய பெயராகும். 'ரூல் பிரித்தானியா' என்ற பழைய நாட்டுப்பற்றுப் பாடலின் தலைப்பை மாற்றி இப்பெயர் அமைந்தது. இந்த எழுச்சி எதனால் உருவானது, அதன் பலன் யாருக்குக் கிடைத்தது என்ற கேள்விகள் இன்றும் விவாதிக்கப்படுகின்றன.

பின்னணி

1979 முதல் 1997 வரை கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சி செய்தது. 1980களில் சுரங்கங்களும் ஆலைகளும் மூடப்பட்டுப் பலர் வேலை இழந்தனர். ஆயினும் அந்நாட்டு மாணவர்கள் அன்று கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. வருவாய் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கிடைத்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கலைக்கல்லூரிகளில் சேர்வதற்கு இது வழிசெய்தது.

காண்கலை

1988இல் இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி மாணவர் டேமியன் ஹர்ஸ்ட், துறைமுகப் பகுதியில் இருந்த வெற்றுக் கட்டடம் ஒன்றில் சக மாணவர்களின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். 'ஃப்ரீஸ்' என்ற அக்கண்காட்சியே 'இளம் பிரித்தானியக் கலைஞர்கள்' எனப்பட்ட குழுவின் தொடக்கம். விளம்பரத் தொழிலதிபர் சார்லஸ் சாச்சி இவர்களது படைப்புகளை வாங்கி ஆதரித்தார். வேதிக் கரைசலில் மிதக்கும் சுறாவைக் கொண்ட ஹர்ஸ்டின் படைப்பு (1991) அவரது பணத்தில் உருவானதே.

1993இல் ரேச்சல் வைட்ரெட், கிழக்கு இலண்டனில் இடிக்கப்படவிருந்த ஒரு வீட்டின் உட்புறத்தைக் காங்கிரீட்டால் நிரப்பிச் சிற்பமாக்கினார். அவ்வாண்டு டர்னர் பரிசு பெற்று, அப்பரிசை வென்ற முதல் பெண் ஆனார். ஆனால் உள்ளாட்சி மன்றத்தின் முடிவுப்படி 1994 சனவரியில் அந்தச் சிற்பம் இடிக்கப்பட்டது.

இசை

சூயீட், பிளர், ஒயாசிஸ், பல்ப் ஆகிய குழுக்களின் இசை 'பிரிட்பாப்' எனப்பட்டது. பிளர் குழுவின் கிரகாம் காக்சன், அலெக்ஸ் ஜேம்ஸ் இருவரும் கோல்ட்ஸ்மித்ஸில் படித்தவர்கள். 1995 ஆகஸ்ட் 14 அன்று பிளரும் மான்செஸ்டரின் ஒயாசிசும் ஒரே நாளில் தனிப்பாடல்களை வெளியிட்டன. தெற்கு, வடக்கு என்றும் நடுத்தர வர்க்கம், தொழிலாளர் வர்க்கம் என்றும் செய்தித்தாள்கள் இப்போட்டியைச் சித்திரித்தன. பிளர் முதலிடம் பெற்றது. அப்பாடலின் காணொளியை இயக்கியவர் ஹர்ஸ்ட். மறு ஆண்டு நெப்வொர்த்தில் ஒயாசிஸ் நடத்திய இரு நாள் நிகழ்ச்சியில் ஏறத்தாழ 2,50,000 பேர் திரண்டனர்.

அரசியல்

1997 மே மாதம் டோனி பிளேர் தலைமையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. சூலையில் பிரதமர் இல்லத்தில் நடந்த விருந்தில் ஒயாசிசின் நோயல் கலாகர் பிளேருடன் கைகுலுக்கிய படம் அக்காலத்தின் அடையாளமாயிற்று. இசை, திரைப்படம், வடிவமைப்பு முதலியவற்றைப் 'படைப்புத் தொழில்கள்' என வகைப்படுத்திய புதிய அரசு, 1998இல் அவற்றின் பொருளாதார மதிப்பை ஆய்வு செய்து அறிக்கை வெளியிட்டது.

விடுபட்டவர்கள்

பிரிட்பாப்பின் முகங்கள் பெரும்பாலும் வெள்ளை இளைஞர்களுடையவை. ஆனால் அக்காலத்து பிரித்தானியா அவர்களோடு முடிந்துவிடவில்லை. இனவெறியர்களால் 1993இல் கொல்லப்பட்ட 18 வயது இளைஞர் ஸ்டீபன் லாரன்சை நினைவுகூர்ந்து கிறிஸ் ஒஃபிலி ஓர் ஓவியம் வரைந்தார். அழும் பெண்ணின் ஒவ்வொரு கண்ணீர்த்துளிக்குள்ளும் அந்த இளைஞரின் படம் இருக்கும். 1998இல் டர்னர் பரிசை வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் இவரே. அதே ஆண்டில், பின்னணிப் பாடகி ஆஷா போஸ்லேயைப் போற்றிக் கார்னர்ஷாப் குழு பாடிய பாடல் மறுகலவை வடிவில் முதலிடம் பிடித்தது. போரினால் யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம், அங்கே கலைக்கல்லூரியில் பயின்று, 2000இல் எலாஸ்டிகா குழுவின் இசைத்தொகுப்புக்கு அட்டைப்படம் அமைத்தார். பின்னர் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற பாடகி இவரே.

மதிப்பீடு

கலைஞர்களைக் கொண்டாடிய அதே அரசு, 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரையிலான கல்லூரிக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகையின் இடத்தில் கடன் வந்தது. ஃப்ரீஸ் கண்காட்சியை நடத்திய மாணவர்களுக்குப் பெரும் கடன் சுமை இல்லை. காலி இடமும் கிடைத்தது. இவ்விரண்டும் அருகிய நிலையில், எளிய குடும்பத்துப் பிள்ளைகள் கலைத்துறைக்கு வருவது கடினமாயிற்று. ஓர் எழுச்சியின் புகழைப் பயன்படுத்திக்கொள்வது எளிது. அதை உருவாக்கிய சூழலைக் காப்பது அரிது என்பதற்கு இவ்வரலாறு ஒரு சான்று.