அதஸாவின் சாட்சியம்

அரபு மொழியில் ‘அதஸ்’ என்பது, நம் ஊர்க் கடைகளில் மைசூர்ப் பருப்பு என்று விற்கப்படும் பயறு. மன்னும் ஸல்வாவும் உண்டு சலித்த பனூ இஸ்ராயீல்கள், கீரையும் வெள்ளரியும் வெங்காயமும் வேண்டுமென்று கேட்டபோது, அவற்றோடு சேர்த்துக் கேட்ட பயறு இதுவே என்பதை ‘அல்பகரா’ அத்தியாயத்தை ஓதியவர்கள் அறிவார்கள். தோல் நீக்காத அந்தப் பயற்றின் ஒரு மணியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் தடித்து, இருபுறமும் மெல்லக் குவிந்து, ஓரத்தில் மெலிந்திருக்கும். அவ்வடிவில் இழைத்த கண்ணாடிக்கு அரபு மொழியில் ‘அதஸா’ என்றே பெயர் வழங்குகிறது. இலத்தீன் மொழியின் ‘லென்ஸ்’ என்ற சொல்லுக்கும் அதே பயறுதான் பொருள். தமிழில் ‘வில்லை’ என்கிறோம். நல்ல சொல்தான், ஆயினும் அதஸாவில் உள்ள அடுப்பங்கரை மணம் அதில் இல்லை.

நம் வீடுகளின் முன்கூடத்தில், கண்ணாடிச் சட்டமிட்ட மக்கா, மதீனாப் படங்கள் தொங்குவதை எல்லாரும் கண்டிருக்கிறோம். பாட்டனார் ஹஜ்ஜுக்குக் கப்பலேறியபோது வாங்கி வந்தது என்பார்கள் சில வீடுகளில். அப்படங்களை ஆவலோடு நோக்குகிறோம். கண்களில் ஒற்றிக்கொள்வாரும் உண்டு. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்பதில்லை. ஒரு செய்தி வந்து சேருமானால், என்ன சொல்லப்பட்டது என்பதோடு, யார் வழியாக வந்தது என்றும் விசாரிப்பது ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத்தந்த வழக்கம். அறிவிப்பாளரான ராவியின் நினைவாற்றல் எத்தகையது, எதில் உறுதியானவர், எதில் தடுமாறுவார் என்று ஆராய்ந்து எழுதுவதற்கென்றே நம் இமாம்கள் ஒரு தனிக் கலையை வளர்த்தார்கள். நிழற்படமும் ஒரு செய்தியே. அதற்கு ராவிகள் இருவர்: படம் எடுத்த மனிதர் ஒருவர், அவர் கருவியின் முகப்பில் பொருந்தியிருந்த அதஸா மற்றொருவர். இந்த இரண்டாவது ராவியின் வரலாற்றை முதலில் காண்போம்.

நம் மேடைகளில், கேமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம் என்று முழங்குவதுண்டு. அது மிகையாகும், அப்பெருமகனாருக்கு மிகைப் புகழ் தேவையுமில்லை. கி.பி. 965இல் பஸராவில் பிறந்து, காஹிராவில் வாழ்ந்து, ஏழு பாகங்களில் ‘கிதாபுல் மனாழிர்’ எனும் ஒளிநூலை அவர் யாத்தார். பார்வை என்பது கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதன்று, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதே என்று நிறுவினார். சூரிய கிரகணத்தின் வடிவத்தைப் பற்றிய தனிச் சுவடியில், இருட்டறையின் சிறு துளை வழியே விழும் பிம்பத்தை ஆராய்ந்து, துளையின் அளவுக்கும் பிம்பத்தின் தெளிவுக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். துளை சிறுத்தால் தெளிவு மிகும், ஒளி குறையும். இந்த ஒரு பேரத்தின் மேல்தான் பின்னாளில் வந்த நிழற்படக் கலை முழுவதும் நிற்கிறது. அவருடைய பெருநூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாசெல் நகரில் அச்சேறியது.

துளையில் கண்ணாடியைப் பொருத்திவிட்டால், ஒளியும் கிடைக்கும், தெளிவும் கிடைக்கும். ஆனால் எந்தக் கண்ணாடி? இங்கேதான் தேர்வு தொடங்குகிறது. 1812இல் வொல்லஸ்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், ஒருபுறம் குழிந்து மறுபுறம் குவிந்த வில்லையை இருட்டுப் பெட்டியில் பொருத்தினார். இவ்வகைக்கு மெனிஸ்கஸ் என்று பெயர். அக்கிரேக்கச் சொல்லுக்குச் சிறு பிறை என்பது பொருள். பிறையின் குழிந்த முகத்தைக் காட்சியை நோக்கி வைத்து, அதற்கு முன்னே சிறு துளைத் தகட்டை நிறுத்தினால், படத்தின் நடுப்பகுதி போலவே ஓரங்களும் ஓரளவு தெளிவாக விழுகின்றன. 1839இல் தகேரின் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, பாரிஸின் ஷெவாலியே, இரு கண்ணாடிகளை ஒட்டி நிறப்பிழை குறைத்த வில்லையைச் செய்து தந்தார். நிலக்காட்சி வில்லை என்று பெயர் பெற்றது இந்த மரபே. அதன் குறை சோம்பல். துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கித்தான் பயன்படுத்த வேண்டும். வெயிலிலும் படம் விழ நிமிடக்கணக்கில் ஆகும்.

மறு ஆண்டே, வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசெஃப் பெட்ஸ்வால், தம் கணக்கின் வலிமையால் எஃப் 3.6 அளவுக்குத் திறந்த வில்லையை வகுத்தார். ஃபாய்க்லாண்டர் நிறுவனத்தார் அதைச் செய்து விற்றனர். பழையதைவிட ஏறத்தாழ இருபது மடங்கு ஒளியை வாங்கும் விரைவு அதற்கு இருந்தது. மனித முகங்களைப் படமெடுக்கும் தொழில் அதனால்தான் பிழைத்தது. ஆனால் இந்த விரைவுக்காரர் நடுவில் மட்டுமே நம்பத்தக்கவர். படத்தின் ஓரங்களை அவர் மங்கலாக்கிவிடுவார். முகத்துக்கு அது அழகு. ஒரு நகரத்தின் தோற்றத்துக்கோ அது நாசம். ஆகவே பயணம் புறப்பட்டவர்கள், விலை மலிந்த, மெதுவான, ஒற்றை நிலக்காட்சி வில்லையையே பெரும்பாலும் நாடினர். மலையும் மனாராவும் அசைவதில்லை, காத்திருக்கத் தடையில்லை. தெருவில் நடந்த மனிதர்களோ அப்படங்களில் புகையாய்க் கரைந்தார்கள், அல்லது அறவே மறைந்தார்கள். பழைய படங்களில் நகரங்கள் ஆளரவமற்றுக் கிடப்பதன் காரணம் இதுவே. அக்காலத்தில் மக்கள் குறைவாக இருந்தார்கள் என்று அப்படங்களைக் கொண்டு எழுதுகிறவர், ராவியின் குறையைச் செய்தியின் மேல் ஏற்றுகிறார்.

முஹம்மது ஸாதிக் பே அவர்களின் பணியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். எகிப்தியப் படையின் பொறியாளர், பாரிஸில் பயின்றவர். 1861இல் (ஹிஜ்ரி 1277) செங்கடல் துறைமுகமான அல்வஜ்ஹிலிருந்து மதீனா வரையுள்ள வழியை அளந்து வரைபடம் தயாரிக்க அனுப்பப்பட்டபோது, அளவைக் கருவிகளோடு கேமராவையும் எடுத்துச் சென்றார். மதீனா மாநகரின் முதல் நிழற்படங்கள் அப்பயணத்தில் எடுக்கப்பட்டவையே. அது ஈரத்தகட்டுக் காலம். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பசையைப் பூசி, வெள்ளிக் கரைசலில் தோய்த்து, அது காய்வதற்குள் கருவியில் வைத்துப் படமெடுத்து, அது காய்வதற்குள்ளேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவி முடிக்க வேண்டும். சில நிமிடங்களே அவகாசம். ஹிஜாஸின் வெயிலில் அந்த நிமிடங்களும் சுருங்கும். அந்நாளில் படத்தைப் பெரிதாக்கும் வசதியும் அரிது. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய தகடு, அதற்கேற்ற கருவி, அதற்கேற்ற வில்லை எல்லாவற்றையும் ஒட்டகம் சுமந்தாக வேண்டும். ஸாதிக் பேக்குச் சில ஆண்டுகள் முன்பு எகிப்தில் சுற்றிய ஆங்கிலேயர் ஃபிரான்சிஸ் ஃபிரித், 16 அங்குலத்துக்கு 20 அங்குலத் தகடுகளைக் கொண்டு சென்றார் என்பதை எண்ணிப்பார்த்தால், அக்காலப் பயணியின் சுமை விளங்கும்.

1880இல் (ஹிஜ்ரி 1297) எகிப்திய மஹ்மல் குழுவின் பொருளாளராக ஸாதிக் பே மீண்டும் சென்றார். இம்முறை மக்காவையும் ஹரமையும் படமெடுத்தார். ஒரு நிலக்காட்சி வில்லை ஏறத்தாழ ஐம்பது பாகைக் கோணத்தையே தெளிவாகக் காணும். ஹரமின் விரிந்த முற்றமும் மண்டபங்களும் சுற்றியுள்ள மலைகளும் அதில் அடங்குமா? கருவியைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல தகடுகளில் எடுத்து, படிகளை அருகருகே ஒட்டி, அகன்ற காட்சிகளை அவர் உருவாக்கினார். 1881இல் வெனிஸ் நகரில் நடந்த புவியியல் கண்காட்சியில் அவருடைய படங்கள் பொற்பதக்கம் பெற்றன.

இவ்வாறு ஒட்டும் வேலைக்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி ஒன்று உண்டு. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமான அடித்தளத்தில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, இருபத்தொரு படிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே படமாக்கினார். கல்வெட்டு வரி நேராக ஓட வேண்டும். பிறை வில்லையோ, முன்னே துளைத் தகடு இருப்பதால், ஓரங்களில் உள்ள நேர்கோடுகளைப் பீப்பாயின் பக்கம்போல் புடைக்கச் செய்யும். காட்டையும் மலையையும் எடுப்பவருக்கு இது தெரியவே தெரியாது; கட்டடங்களை எடுப்பவருக்குத் தீராத தலைவலி.

அதற்கு மருந்து 1866இல் வந்தது. லண்டனில் டால்மேயரும், மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும், ஒரே ஆண்டில், தனித்தனியே, ஒரே தீர்வைக் கண்டனர். ஒரே மாதிரியான இரு வில்லைத் தொகுதிகளை எதிரெதிரே வைத்து, துளையை நடுவில் அமைத்தால், முன்னது செய்யும் வளைவைப் பின்னது நிமிர்த்திவிடுகிறது. வேகம் எஃப் 8. முகத்துக்கும் ஆகும், மனாராவுக்கும் ஆகும். பயணிகளுக்கு இதுபோல் உதவிய வில்லை நெடுங்காலம் வேறில்லை எனலாம். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சில படங்களில் மனாராக்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கும். அது வில்லையின் குற்றமன்று. உச்சியைப் பிடிப்பதற்காகக் கருவியை அண்ணாந்து பிடித்தவரின் குற்றம். கருவியை நிமிர்த்தி வைத்து, வில்லைப் பலகையை மட்டும் மேலே உயர்த்துவதே அக்கால உத்தி.

பின் வந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜெனா நகரில் ஓட்டோ ஷாட் உருக்கிய புதுவகைக் கண்ணாடிகளைக் கொண்டு, ஸைஸ் நிறுவனத்தின் பவுல் ருடோல்ஃப் 1890இல் புரோட்டார் வில்லையையும் 1902இல் டெஸ்ஸாரையும் வகுத்தார். ஓரங்களின் மங்கல் பெரிதும் ஒழிந்தது. 1891 அளவில் தொலைக்காட்சி வில்லைகள் தோன்றின. 1935இல் ஸைஸ் நிறுவனத்தில் கண்ணாடியின் மேல் மென்படலம் பூசும் முறை கண்டறியப்பட்டது. பூசாத கண்ணாடி ஒவ்வொரு முகத்திலும் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பி எறிந்துவிடும். ஆகவே பல கண்ணாடிகளை அடுக்கும் துணிவு இதன் பிறகே வந்தது. அத்துணிவின் விளைவாக, 1959இல், குவியத் தூரத்தை 36 முதல் 82 மில்லிமீட்டர் வரை மாற்றவல்ல ஸூமார் வெளிவந்தது.

இன்று பயணம் புறப்படும் பிள்ளைகள், எந்த லென்ஸை எடுத்துச் செல்வது என்று வாதிடுகிறார்கள். கைப்பேசியின் முதுகிலேயே இரண்டு மூன்று அதஸாக்கள் பதிந்திருக்கின்றன. 36க்கு 24 மில்லிமீட்டர் சட்டத்தில், 50 மில்லிமீட்டர் வில்லை அகலவாக்கில் 40 பாகையைக் காணும். 28 மில்லிமீட்டர் 65 பாகையை. 200 மில்லிமீட்டர் பத்துப் பாகையை மட்டுமே. கணக்கு இவ்வளவுதான். ஆனால் அகன்ற வில்லை இடத்தை விரிக்கும், நீண்ட வில்லை நெருக்கும் என்று சொல்லப்படுவது பாதி உண்மை. அருகுப் பொருளுக்கும் தொலைப் பொருளுக்கும் உள்ள விகிதத்தை நிர்ணயிப்பது நாம் நிற்கும் இடமே. அகன்ற வில்லைக்காரர் நெருங்கிச் செல்கிறார். முன்னிருப்பது பூதாகாரமாகி, பின்னிருக்கும் மலை எறும்புப் புற்றாகிறது. நீண்ட வில்லைக்காரர் விலகி நிற்கிறார். மலை முன்னே வந்து நிற்கிறது. நிலக்காட்சி என்றதும் அகன்ற வில்லையையே மாட்டுவோர் பலர். கம்பீரமான மலையைக் கண்டு வியந்தவர், வீடு திரும்பி அதைப் படத்தில் தேடுவது இதனால்தான். என்னைக் கேட்டால், 28 அல்லது 35 ஒன்று, 85க்கு மேற்பட்டது ஒன்று, இரண்டு போதும். துளையை எஃப் 8 அல்லது 11 அளவில் வைத்தால் அண்மையும் சேய்மையும் பெரும்பாலும் தெளியும். மேலும் மேலும் சுருக்கினால், ஒளி ஓரங்களில் வளைந்து தெளிவைக் கெடுக்கும்.

இக்கணக்கு பொழுதுபோக்கு அன்று என்பதற்கு ஒரு சான்று. மக்காவில் ஹரமை நோக்கி நின்ற குன்றின் மேல், 18ஆம் நூற்றாண்டில் உஸ்மானியர் எழுப்பிய அஜ்யாத் கோட்டை இருந்தது. 2002இல் கோட்டை இடிக்கப்பட்டது. குன்றும் சமன் செய்யப்பட்டது. இன்று அவ்விடத்தில் கடிகாரக் கோபுரம் நிற்கிறது. கோட்டை எவ்வளவு உயரத்தில், கஅபாவுக்கு எவ்வளவு அருகில் தோன்றியது என்பதற்கு ஸாதிக் பேயின் படங்களும், 1901 முதல் 1908 வரை நான்கு முறை ஹஜ்ஜுக்குச் சென்று, 1925இல் ‘மிர்ஆத்துல் ஹரமைன்’ நூலை வெளியிட்ட இப்ராஹீம் ரிஃப்அத் பாஷாவின் படங்களும் இப்போது சாட்சி. ஒரு படத்தில் கோட்டை கஅபாவின் தலைமேல் நிற்பதுபோல் தெரியும். வேறொன்றில் தொலைவில் ஒதுங்கியிருக்கும். இரண்டும் பொய்யல்ல. எங்கே நின்று எந்த அதஸாவால் எடுக்கப்பட்டது என்று அறிந்தவரே இரண்டையும் பொருத்திப் பார்க்க முடியும்.

முதல் ராவியான மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1884இல் ஜித்தாவுக்கு வந்த டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்கிரோன்யே, அப்துல் கஃப்பார் என்ற பெயரோடு 1885இல் மக்காவினுள் தங்கினார். அவருக்கு நெருங்கியவராக இருந்த மக்கா மருத்துவர் ஒருவரின் பெயரும் அஸ்ஸையித் அப்துல் கஃப்பாரே. அம்மருத்துவர் நிழற்படக் கலையில் தேர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில், ஹஜ்ஜுக்கு முன்பே ஸ்னூக் வெளியேற்றப்பட்டார். மருத்துவரோ தொடர்ந்து படமெடுத்து, ஜித்தா வழியாக அவருக்கு அனுப்பிவைத்தார். ஹாஜிகளின் கூட்டங்களையும் பல நாட்டு யாத்திரிகர்களின் முகங்களையும் அப்படங்களில் காண்கிறோம். 1889இல் ஸ்னூக் அவற்றை ‘மக்காவின் படங்கள்’ எனும் தொகுதியாக வெளியிட்டபோது, மருத்துவரின் பெயர் அதில் இடம்பெறவில்லை. படங்களின் மேல் அவர் அரபியில் பொறித்திருந்த கையொப்பமும் நீக்கப்பட்டது. தமக்கு அறிவித்தவரை மறைத்து அறிவிப்பதை ஹதீஸ் அறிஞர்கள் ‘தத்லீஸ்’ என்பார்கள். ஸ்னூக்கின் அரபுப் புலமையை யாரும் மறுப்பதற்கில்லை. அச்சொல்லின் பொருள் அவருக்குத் தெரியாததும் அன்று.

கையொப்பம் அழியாத மூலப்படிகள் லைடன் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகின்றன. மக்காவின் மருத்துவர் அஸ்ஸையித் அப்துல் கஃப்பார் எடுத்த நிழற்படம் என்ற வரி, அவற்றின் மேல் அழகிய அரபு எழுத்தில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.