பழைய மோட்டார் வண்டியின் பழுதும் அதன் மூலமும்

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் அதிகாலையில், ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து பேர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி தம் புதல்வர் இருவரையும் அழைத்துக்கொண்டு மோட்டார் வண்டியொன்றிற் புறப்பட்டார். மூன்று சில்லுகள் பூட்டிய அவ்வண்டி, அவருடைய கணவர் காள் பென்ஸ் ஆக்கி, 1886இல் காப்புரிமை கோரிய வகையைச் சேர்ந்தது. கணவருக்கு முன்கூட்டி அறிவியாமலே தொடங்கிய அப்பயணம், ஏறத்தாழ 106 கிலோமீற்றர் தொலைவிலுள்ள போர்ட்ஸ்ஹைம் நகரை நோக்கியதாகும்.

வழியில் எரிபொருட் குழாய் அடைபட்டது. தொப்பி ஊசியால் அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டியைச் சுற்றிக் கம்பியைக் காத்தார். பிரேக் கட்டைகள் தேய்ந்தன. செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு அவற்றுக்குத் தோல் பொருத்துவித்தார் என்பர். மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணமே பழுது கண்டறிதலின் முதற் பாடமாகவும் அமைந்தது. எரிபொருள், மின், பொறியுறுப்பு என்ற மூவகைக் குறைகளும் அன்றே தோன்றிவிட்டன. அவர் எதனையும் கழற்றி எறியவில்லை. எங்கே தடைப்பட்டது என்று தேடி, அவ்விடத்தை மட்டும் செப்பஞ் செய்தார்.

அதன்பின் வந்த உறுப்புகள் பலவும் முன்னைய குறையொன்றைத் தீர்க்கப் பிறந்தவையே. ஆயினும் ஒவ்வொரு தீர்வும் தனக்குரிய புதுக் குறையையும் உடன் கொண்டுவந்தது. தீப்பொறியை நம்பத்தக்கதாக்குதல் தொடக்கத்தில் பெரும் இடராயிருந்தது. 1902இல் றொபேட் பொஷ்சின் தொழிற்சாலையில் கொட்லொப் ஹொனோல்ட் உயர் அழுத்த மக்னீற்றோவை ஆக்கினார். பற்றரி இன்றியே அது பொறியைத் தந்தது. எனினும் இயந்திரத்தைக் கைப்பிடியாற் சுழற்றியே தொடக்க வேண்டியிருந்தது. பிடி எதிர்த்து உதைத்ததால் கை முறிந்தோர் பலர். அமெரிக்கரான சாள்ஸ் கெற்றரிங் ஆக்கிய மின் தொடக்கி 1912ஆம் ஆண்டுக்குரிய கடிலக் வண்டிகளில் இடம்பெற்றது. கைமுறிவு அகன்றது. ஆனால் அந்நாள் முதல் வண்டிக்குப் பெரிய பற்றரியும், அதனை நிரப்ப டைனமோவும், இரண்டையும் இணைக்கும் கம்பிகளும் இன்றியமையாதனவாயின. பழுதுபடக்கூடிய இடங்களும் பெருகின.

கெற்றரிங் வகுத்த தீமூட்டு முறையே அரை நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் வழங்கியது. பற்றரியின் 6 அல்லது 12 வோல்ற்று மின்னைப் பொயின்ற் எனப்படும் இரு தொடுமுனைகள் இடையிடையே துண்டிக்கின்றன. துண்டிக்குந்தோறும் கொயிலிற் பல்லாயிரம் வோல்ற்று எழுந்து பிளக்கிற் பொறியாகின்றது. மொறிஸ் மைனர் 1000 வண்டியில் அம்முனைகளுக்கிடையே இருக்கவேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு மட்டுமே. நாட்செல்ல முனைகள் கருகும், அவற்றைத் திறக்கும் சிறு குதி தேயும், இடைவெளி குறுகும். அப்போது வண்டி காலையிற் கிளம்ப மறுக்கும், ஏற்றத்தில் இளைக்கும். பெரிய இயந்திரத்தின் தளர்ச்சி போலத் தோன்றுவது, மெல்லிய தகட்டால் அளந்து சீராக்கத்தக்க சிறு குறையாகவும் இருக்கலாம்.

ஆதலின் பழைய வண்டியை ஆராய்வோர்க்கு வரிசை முறை வேண்டும். தொடக்கி சுழலாதவிடத்து, முன்விளக்குகளை ஏற்றிவிட்டுத் தொடக்கியை இயக்கிப் பார்த்தல் பழைய வழக்கம். விளக்கொளி மிக மங்கினால் பற்றரி தளர்ந்திருக்கலாம். அல்லது அதன் முனைகளில் உப்புப் பூத்துத் தொடர்பு கெட்டிருக்கலாம். ஒளி சிறிதும் மாறாவிடின், தொடக்கிக்கு மின் சென்று சேரவில்லை என்று கொள்ளலாம். தொடக்கி சுழன்றும் இயந்திரம் உயிர்பெறாவிடின், முதலிற் பொறியையும் பின்னர் பெற்றோலையும் தேடவேண்டும். பெற்றோல் மணக்கும் இடத்திற் பொறியைச் சோதித்தல் ஆகாது.

அக்கால வண்டிகள் தம் நிலையைக் காதுக்கும் கண்ணுக்கும் தாமே அறிவித்தன. மொறிஸ் மைனரின் மின் பெற்றோற் பம்பு, சாவியைத் திருப்பியவுடன் சிலமுறை தட்டி, காபரேற்றர் நிரம்பியதும் அடங்கும். ஓயாது விரைந்து தட்டினாற் பெற்றோல் தீர்ந்தது. அல்லது குழாயிற் காற்றுப் புகுந்தது. வெறுமையான காபரேற்றரோடு தட்டாமலே கிடந்தால், மின் வரவில்லை. அல்லது பம்பின் முனைகள் கெட்டன. நீலப்புகை எண்ணெய் எரிவதைச் சொல்லும். கரும்புகை பெற்றோல் மிகுந்து செல்வதைச் சொல்லும்.

இவற்றுள் ஒரு குறை தனியே எண்ணத்தக்கது. ஓட்டத்தில் அணைந்திருக்க வேண்டிய சிவப்பு விளக்கு ஒளிர்கின்றது. சிறிது நேரத்தில் தண்ணீரும் கொதிக்கின்றது. முன்னது மின் குறையென்றும் பின்னது நீர்க் குறையென்றும் இரண்டாகப் பிரித்து, டைனமோவையும் பற்றரியையும் மாற்றி, றேடியேற்றரையும் கழற்றிப் பணத்தை இழப்போர் உண்டு. மொறிஸ் மைனர் 1000இல் டைனமோவையும், தண்ணீர்ப் பம்பையும், விசிறியையும் சுழற்றுவது ஒரே வார்ப்பட்டி. அது தளர்ந்தாற் குறிகள் இரண்டும் சேர்ந்து தோன்றும். எனவே முதலிற் பார்க்க வேண்டியது அப்பட்டியே. குறியைக் கண்டு உறுப்பை மாற்றுவதற்கும், குறிகளைக் கூட்டிப் பார்த்து மூலத்தைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவாகும்.

1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் இலங்கையில் நீண்டகாலம் நிலைத்ததற்கும் இவ்வறிவே துணையாயிற்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியாற் புதிய கார்களின் இறக்குமதி முடக்கப்பட்டபோது, இருந்த வண்டிகளைக் காப்பதே வழியாயிற்று. உதிரிப்பாகம் கிடைக்காத வேளையில், எதனை மாற்றவேண்டும் என்பதைவிட எதனை மாற்ற வேண்டியதில்லை என்று அறிந்த கைவினைஞரே பெரிதும் வேண்டப்பட்டார். மொறிஸ் மைனரின் உற்பத்தி 1971இல் முற்றுப்பெற்றது. இரு தசாப்தங்களின் பின், 1990களில், அதற்குரிய பாகங்கள் இலங்கையின் தென்பகுதியிற் செய்யப்பட்டு, அது பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன.

1970களிற் பொயின்ற் முறையின் இடத்தை மின்னணுத் தீமூட்டல் பிடிக்கத் தொடங்கிற்று. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கார்கள் யாவற்றிலும் பொதுமுறையிலமைந்த கணினிப் பழுதறிதல் கட்டாயமாயிற்று. கருவியை இணைத்தால் எண்ணொன்று தோன்றும். அவ்வெண் குறை வெளிப்பட்ட இடத்தைக் காட்டுமேயன்றி, அதன் மூலத்தை எப்போதும் காட்டுவதில்லை. அறுந்த கம்பியோ, துருவேறிய இணைப்போ, தளர்ந்த பட்டியோ அவ்வெண்ணுக்குப் பின்னே மறைந்திருத்தல் கூடும்.

பழைய வண்டிகளோடு வளர்ந்த கைவினைஞர் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகின்றனர். வார்ப்படச் சாலையில் உதிரிப்பாகத்தை மீண்டும் வார்த்துக்கொள்ளலாம். பம்பு தட்டும் ஓசையிலிருந்து பழுதின் இடத்தை உணரும் பயிற்சியோ, பக்கத்தில் நின்று பழகும் இளைஞனுக்கு மட்டுமே கைவருவது. அவனுக்கு முதன்முதலிற் கொடுக்கவேண்டியது திருகுசாவி அன்று. கழற்றுமுன் எதனை எதன்பின் பார்க்கவேண்டும் என்னும் அந்த வரிசையே.