ஒருத்தருக்கா, ஊருக்கா?

எங்க சானமாவு பக்கம் யானை வந்துடுச்சுன்னா கையில இருக்கற நம்பருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிடுவோம். பன்னேர்கட்டா காட்டுலேர்ந்து குளிர்காலத்துல கூட்டமா வரும், ராகி வயல் காலி. ஆனா பக்கத்து வீட்டுக்காரர் கைமாத்து கேட்டதை அப்படி ஊருக்கே சொல்ல மாட்டோம் இல்லையா? இந்த வித்தியாசத்துல நான் ஒரு தடவை சறுக்கினேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

2003. சிப்காட்ல ஷிப்ட் முடிச்சுட்டு ஓசூர்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல அரை மணி நேரம் மடல் படிக்கறது வழக்கம். ராயர் காபி கிளப், மரத்தடி, அகத்தியர்னு மடலாடற்குழுக்கள் களைகட்டின காலம். நான் இருந்த ஒரு சின்னக் குழுவுல பெரியவர் ஒருத்தர் தினம் ஒரு வெண்பா போடுவார். நண்பர் ஒருத்தர் அதைப் பாராட்டி எழுத, நான் அவருக்கு மட்டும்னு நினைச்சு, "தளை தட்டுதே, வயசாயிடுச்சு பாவம், யாராவது சொல்லக்கூடாதா"ன்னு 'பதில்' பொத்தானை அமுக்கினேன். அது குழுவுக்கே போயிடுச்சு!

பெரியவர் ஒரே வரி எழுதினார்: "சரி தம்பி, திருத்திக்கறேன்." அதுக்கப்புறம் அவர் எழுதவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஏன் அப்படிப் போச்சு? ஒவ்வொரு மடலோட தலைப்பகுதியிலயும் 'ரிப்ளை-டு'ன்னு ஒரு வரி வைக்கலாம். பதில் எந்த முகவரிக்குப் போகணும்னு அது சொல்லும். 1982ல வந்த ஆர்.எஃப்.சி. 822ங்கற விதிமுறை, குழுக்கள் அதுல குழுவோட முகவரியையே போட்டுக்கலாம்னு ஒரு யோசனை சொல்லிச்சு. 2001ல அதுக்குப் பதிலா வந்த ஆர்.எஃப்.சி. 2822ல அந்த யோசனை இல்லை. பதில் எங்கே வரணும்னு மடலை எழுதினவர் சொல்ற இடம் அதுன்னு வரையறுத்துட்டாங்க. நடுவுல, 1995ல வந்த இணைய நாகரிகக் குறிப்பு (ஆர்.எஃப்.சி. 1855), பதில் போடும்போது முகவரியைப் பாருங்க, தனி மடல் பல பேருக்குப் போயிடும்னு எச்சரிச்சிருக்கு. நான் எங்கே படிச்சேன் :-(

இதுல ரெண்டு கட்சி. சிப் ரோசந்தால்னு ஒருத்தர் குழு இந்த வரியை மாத்தறது கெடுதல்னு கட்டுரை எழுதினார். சைமன் ஹில் அதே தலைப்பைத் திருப்பிப் போட்டு, நல்லதுன்னு பதில் எழுதினார்.

நம்மாளுங்க பக்கம் யோசிச்சா ஹில் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. தமிழ்.நெட் காலத்துல ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒவ்வொரு எழுத்துரு. 'டிஸ்கி' குறியீடே மின்னஞ்சல்ல பல நாட்டுத் தமிழர்கள் பேசிப் பேசி உருவானதுதான். 1998 பொங்கலன்னிக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டமும் அப்படி இணையத்துல சேர்ந்த தன்னார்வலர்களோட உழைப்பு. "கட்டம் கட்டமாத் தெரியுதே"ன்னு ஒருத்தர் கேட்டா, பதில் எல்லாருக்கும் போனாத்தான் அடுத்தவர் அதையே கேட்க மாட்டார். தனித்தனியா பதில் போயிருந்தா பாதி விஷயம் அங்கங்கே முடங்கியிருக்கும்.

ஆனா ரெண்டு தப்பும் ஒண்ணு இல்லைங்க. ஊருக்குப் போகவேண்டியது ஒருத்தருக்குப் போயிட்டா, இன்னொரு தடவை அனுப்பிக்கலாம். ஒருத்தருக்குப் போகவேண்டியது ஊருக்குப் போயிட்டா? திருப்பி வாங்க முடியாது. அதனால நான் ரோசந்தால் கட்சி. பதில் எழுதினவருக்கே போகட்டும். ஊருக்குச் சொல்லணும்னா இன்னொரு பொத்தானைத் தேடி அமுக்கட்டும். அந்த ரெண்டு நொடி யோசனை போதும்.

யாஹூ 2019 கடைசியில பழைய மடல்களைத் தன் தளத்துலேர்ந்து எடுத்துடுச்சு. 2020 டிசம்பர் 15ல குழுமங்களையே மூடிடுச்சு. எங்க குழுவும் அங்கேதான் இருந்துது. என் மடலும் போச்சு, மறுநாள் நான் கேட்ட மன்னிப்பும் போச்சு. பெரியவர் அந்த மன்னிப்பைப் படிச்சாரான்னுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

இப்ப யானைச் சேதி வாட்ஸப் குழுவுல வருது. பதில் போடறதுக்கு முன்னாடி மேலே யார் பேர் இருக்குன்னு ரெண்டு தடவை பார்த்துக்கறேன்.