பானெட் லூவரின் பயணம்

கார் பானெட்டில் வரிவரியாகத் தெரியும் பிளவுகளுக்கு லூவர் என்று பெயர். தகட்டைக் கீறி, ஒரு பக்க விளிம்பை மட்டும் மேலே தூக்கிவிட்டால் லூவர் தயார். அதன் வாய் காரின் பின்பக்கம் பார்த்திருக்கும். கார் ஓடும்போது மேலே வழுக்கிப் போகும் காற்று, எஞ்சின் அறையின் சூட்டை உறிஞ்சி இழுத்துச் செல்லும்.

தொடக்கத்தில் அதன் இடம் பெரும்பாலும் பானெட்டின் மேல்பகுதி அல்ல, பக்கவாட்டுத் தகடுகள்தான். அன்றைய கார்களில் ரேடியேட்டர் முன்னே நிமிர்ந்து நிற்கும். பானெட் அதன் பின்னால் நீண்ட பெட்டியாகக் கிடக்கும். ரேடியேட்டரைக் கடந்து சூடான காற்று வெளியேற, அந்தப் பெட்டியின் இருபுறமும் செங்குத்தாக லூவர்களை அடித்தார்கள்.

1932-ல் ஃபோர்டு நிறுவனம் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. அதில் புகை வெளியேறும் பாதைகள் எஞ்சின் பிளாக்கின் ஊடாகவே சென்றன. புகையின் சூடு குளிர்விக்கும் தண்ணீரில் இறங்கியது. தண்ணீர் கொதிப்பது இந்த எஞ்சினுக்குத் தீராத நோயானது. கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் இந்தக் கார்களைத்தான் மலிவாக வாங்கி, எடை குறைத்து, முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் விரட்டினார்கள். 1949-ல் யூட்டாவின் பான்வில் உப்புவெளியிலும் இவர்கள் பந்தயம் ஓடத் தொடங்கினார்கள். பானெட்டின் மேல்பகுதியில் வரிசையாக லூவர் அடிப்பது இவர்களிடையே பரவியது. பானெட்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே பிரஸ் இயந்திரம் ஒரே அடியில் தகட்டைக் கீறி விளிம்பையும் வளைத்துவிடும். கோடு பிசகாமல் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். ஒன்று கோணினாலும் பானெட் முழுவதும் அசிங்கமாகிவிடும்.

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஜாகுவார் இ-டைப் அறிமுகமானபோது லூவருக்குப் பெரிய இடத்து வாழ்வு கிடைத்தது. மூக்கிலிருந்து கண்ணாடி வரை ஒரே துண்டாகத் திறக்கும் அந்த நீண்ட பானெட்டில் இரண்டு லூவர் வரிசைகள் இருந்தன. தொடக்கக் கார்களில் அவற்றைத் தனித்தகடாகச் செய்து பற்றவைத்தார்கள். பிறகு பானெட் தகட்டிலேயே அச்சடித்தார்கள்.

புகைபோக்கி இல்லாத அடுக்களையில் வாசலை எவ்வளவு அகலப்படுத்தினாலும் புகை போகாது. எஞ்சின் அறையும் அப்படித்தான். முன்கிரில் வழியே நுழைந்த காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளே அழுத்தம் கூடினால், ரேடியேட்டரைக் கடக்கும் காற்றின் அளவே குறைந்துவிடும். வெளியேறும் துளைக்கு மேலே அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். பானெட்டின் முன்பாதியில், மூக்கின் வளைவைத் தாண்டியதும், பெரும்பாலான கார்களில் அழுத்தம் குறைகிறது. முன்கண்ணாடியின் அடியில் காற்று முட்டித் தேங்குவதால் அங்கே அழுத்தம் அதிகம். 1970-ல் செவ்ரோலே செவெல் கார் பானெட்டின் பின்முனையில் ஒரு மூடியை வைத்து, எஞ்சின் மூச்சுவிடுவதற்கான காற்றை அந்த இடத்திலிருந்துதான் உள்ளே எடுத்தது. கீல்களுக்கு அடியில் வாஷர் வைத்துப் பானெட்டின் பின்முனையைத் தூக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது அந்த இடைவெளியில் சூடு வெளியேறும். வேகமெடுத்ததும் காற்று அதே வழியாக உள்ளே புகும்.

பானெட்டில் திறப்பு இருந்தாலே சூட்டை வெளியேற்றத்தான் என்றும் கொள்ள முடியாது. 1987-ல் வந்த லான்சியா டெல்டா இன்டெக்ராலே, சிறிய அறைக்குள் டர்போ எஞ்சினை அடைத்திருந்ததால் பானெட்டில் லூவர்களை வைத்துக்கொண்டது. ஆனால் 1992-ல் வந்த சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸின் பானெட்டில் புடைத்து நிற்பது காற்றை உள்ளே வாங்கும் வாய். அது, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்க எஞ்சினின் மேல் படுத்திருக்கும் இன்டர்கூலருக்கானது. அந்தப் புடைப்பை மட்டும் பார்த்து இன்டர்கூலரே இல்லாத காரில் ஒட்டினால் எடையும் இரைச்சலும்தான் மிச்சம்.

உங்கள் காரின் பானெட்டில் கைவைக்க நினைத்தால், முதலில் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், விசிறி ஆகியவற்றைப் பாருங்கள். அவை சரியாக இருந்தும் சூடு ஏறினால், பானெட்டின் மேல் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, வேறொருவரை ஓட்டச் சொல்லிக் காற்றின் போக்கைக் கவனியுங்கள். பானெட்டின் மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசத்தை, தண்ணீர் நிரப்பிய வளைந்த குழாயைக் கொண்டே அளந்துவிடலாம். உட்பக்க விலா எலும்புச் சட்டங்களை வெட்டாதீர்கள். விபத்தில் பானெட் எப்படி மடிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை அவை. மழைநீர் விழும் இடத்தில் மின்பாகங்கள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வாகனத்தின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் மறக்க வேண்டாம். அளந்துவிட்டு வெட்டுங்கள், அளக்காமல் போட்ட துளை அழகுக்கு மட்டுமே உதவும்.