நிற்பதும் நிறுப்பதும்

மணிமங்கலத்தை அடுத்த ஒரகடம் பக்கத்தில் எடைமேடை ஏறும் லாரி அசையாமல் நின்றால்தான் திரையில் எண் நிலைக்கும். நிறுத்தினால்தான் நிறுக்க முடியும். ‘நிறுத்து’ என்ற ஒரே வடிவம் தமிழில் இரண்டுக்கும் பொருந்துகிறது. ‘லாரியை நிறுத்து’, ‘அரிசியை நிறுத்துக் கொடு’. கிரேக்க ‘ஹிஸ்டேமி’ என்ற வினைக்கும் நிற்கச்செய்தல், எடைபோடுதல் என்ற இரு பொருளும் உண்டு. அதன் வழிவந்த ‘ஸ்டாடிகே’ எடைபோடும் கலையைக் குறித்தது. நாம் நிலையியல் என்று படிக்கும் ‘ஸ்டாட்டிக்ஸ்’ அதன் வாரிசு. 1926இல் உடலியலாளர் வால்டர் கேனன் உடலின் உள்நிலைச் சமநிலையைக் குறிக்க ஆக்கிய ‘ஹோமியோஸ்டாசிஸ்’ என்ற சொல்லின் பின்பாதியும் அதே வேர்தான்.

அப்படியானால் தமிழே கிரேக்கத்துக்குத் தாய் என்பார்கள் (அந்தக் கடையில் எப்போதும் கூட்டம்). பொருள் ஒத்தால் போதாது, ஒலியும் ஒழுங்காக ஒத்துவர வேண்டும், இங்கே வரவில்லை. தற்செயல் என்று தள்ளவும் வேண்டியதில்லை. ஆட்டம் நின்ற பிறகே எடை சொல்லும் தராசு இரு நாட்டுச் சந்தையிலும் இருந்தது. தராசைக் குறிக்கும் ஆங்கில ‘பேலன்ஸ்’ மட்டும் கிரேக்கம் அல்ல, இருதட்டு என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழிவந்தது.