பெயர் எழுதப்படாத ஹதியா: செங்கல்பட்டும் ஒரு கிருமியின் பயணமும்

மாமல்லபுரக் கடற்கரையைக் காண இரயிலில் வந்து செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செல்வோர் நம்மில் பலர். அந்நகரை அடுத்துள்ள திருமணியை மட்டும் நாம் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையாக அங்கு தொடங்கப்பெற்ற நிலையம், 1955ஆம் ஆண்டு மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. குடும்பத்தாரும் ஊராரும் விலக்கிவைத்த எத்தனையோ பேருக்கு அந்த வளாகமே வீடாக இருந்தது.

நோயுற்றோரை ஆதரிப்பது நம் வரலாற்றுக்குப் புதிதன்று. உமய்யா கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக், கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட காலத்தில், தொழுநோயாளிகள் பிறரிடம் கையேந்தாதிருக்க அரசுக் கருவூலத்திலிருந்து உதவித்தொகை ஏற்படுத்தினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஆயினும் ஆதரவு வேறு, மருந்து வேறு. மருந்து கிடைக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1940களின் பிற்பகுதியில் டாக்டர் ராபர்ட் காக்ரேனும் அவருடைய சக மருத்துவர்களும் டாப்சோன் வகை மருந்துகளைச் சோதித்த இடங்களுள் செங்கல்பட்டும் ஒன்று.

மருந்து கிடைத்த பின்னும் ஓர் இடையூறு நீடித்தது. இந்நோயின் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். எனினும் ஏனைய கிருமிகளைப் போல் அதனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்க இன்றளவும் எவராலும் இயலவில்லை. வளர்க்க முடியாத கிருமியைக் கொண்டு தடுப்பூசி செய்வது எவ்வாறு? 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஷெப்பர்டு, எலியின் பாதத்தில் அதனைச் சிறிதளவு வளர்த்துக் காட்டினார். 1971ஆம் ஆண்டு கிர்ஷைமர், எலினார் ஸ்டார்ஸ் ஆகிய இருவரும் ஆர்மடில்லோவின் உடலில் அது பெருகுவதை வெளியிட்டனர். நம் நாட்டு அழுங்கைப் போல் ஓடு போர்த்திய அமெரிக்க விலங்கு அது. நம்மைவிடக் குறைந்த அதன் உடல்வெப்பம் இக்கிருமிக்கு ஒத்துப்போயிற்று.

ஆர்மடில்லோக்களை வளர்த்து, நோயேற்றி, ஓராண்டுக்கு மேல் காத்திருந்து கிருமியைப் பிரித்தெடுப்பது எல்லா ஆய்வகங்களாலும் ஆகக்கூடியதன்று. கிடைத்ததை ஒருவர் பூட்டி வைத்துக்கொண்டிருந்தால் மற்றவர் ஆய்வு அன்றே நின்றிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1974ஆம் ஆண்டு தொழுநோய்த் தடுப்பாற்றல் ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அதன்கீழ், இலண்டன் மில் ஹில்லிலிருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிலையத்தில் ஆர்மடில்லோவில் விளைந்த கிருமிகளுக்கு ஒரு சேமிப்பகம் அமைந்தது. அங்கிருந்து பல நாட்டு ஆய்வாளர்களுக்கு அப்பொருள் விலையின்றி அனுப்பப்பட்டது. வக்ஃபு செய்யப்பட்ட கிணற்றில் வழிப்போக்கர் அனைவரும் நீர் மொள்வதை ஒத்த ஏற்பாடு என்று இதனைச் சொல்லலாம்.

ஆர்மடில்லோவில் விளைந்து கொல்லப்பட்ட கிருமி செங்கல்பட்டுக்கும் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991ஆம் ஆண்டு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பெரியதொரு தடுப்பூசிச் சோதனையைத் தொடங்கிற்று. பி.சி.ஜி. ஊசி ஒன்று; பி.சி.ஜி.யுடன் கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமி சேர்ந்தது மற்றொன்று. மும்பைப் புற்றுநோய் ஆய்வு நிலையத்தின் ஐ.சி.ஆர்.சி. மூன்றாவது; தில்லியில் உருவான எம்.டபிள்யூ. நான்காவது, வெறும் உப்புநீர் ஐந்தாவது. 1,71,400 பேர் கை நீட்டினர். தமக்கு ஏறியது மருந்தா உப்புநீரா என்பதை அவர்கள் அறியார். 1998ஆம் ஆண்டு முடிவுகள் வெளிவந்தன. ஐ.சி.ஆர்.சி. 65.5 விழுக்காடும், கிருமி சேர்ந்த பி.சி.ஜி. 64 விழுக்காடும், பி.சி.ஜி. மட்டும் 34.1 விழுக்காடும், எம்.டபிள்யூ. 25.7 விழுக்காடும் பாதுகாப்பளித்தன. கூடியதும் குறைந்ததும் ஒரே அட்டவணையில் மறைவின்றி அச்சாயின. பிறர் தந்த பொருளைப் பெற்றவருக்கு அது அமானிதம். அதனைக் கொண்டு கண்ட உண்மையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது அந்த அமானிதத்தைத் திருப்பிச் செலுத்துவதாகும்.

இதுவரை சொன்னது நமக்கு வந்த கொடை. நம் மண்ணிலிருந்து சென்ற கொடையும் ஒன்றுண்டு. தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்ட கிருமி, ஆர்மடில்லோவில் வளர்க்கப்பட்டு, மில் ஹில் வழியாகப் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தாரின் ஆய்வுக்குச் சென்றது. அவர்களும் இங்கிலாந்தின் சாங்கர் நிலையத்தாரும் சேர்ந்து அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து 2001ஆம் ஆண்டு வெளியிட்டனர். செயற்படும் மரபணுக்கள் 1,604 என்றும், சிதைந்து செயலற்றவை 1,116 என்றும் தெரியவந்தன. இக்கிருமி உயிருடலுக்கு வெளியே ஏன் வளர மறுக்கிறது என்பது அதனால் ஓரளவு விளங்கிற்று. அந்தக் கிருமி வகைக்கு அறிவியலார் இட்ட பெயர் ‘டி.என்.’. தமிழ்நாடு என்பதன் சுருக்கமே அது.

உலகெங்கும் தொழுநோயை ஆய்வோர் இன்றும் அவ்விரு எழுத்துகளைக் குறிப்பிடுகின்றனர். ஆய்வகங்களின் பெயர்கள் கட்டுரையின் தலைப்பில் நிற்கின்றன. தோலில் ஒரு துளியைத் தந்தவரின் பெயர் அங்கில்லை. ஆணோ பெண்ணோ, எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவரோ, ஊரார் தொடத் தயங்கிய ஓர் உடலிலிருந்தே உலகுக்கு இந்த அறிவு கிடைத்தது. விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் அளித்த கொடைகளையெல்லாம் பின்னோக்கித் தேடினால், முதற் கொடையாளியாக ஒரு நோயாளியே நிற்கிறார். அவரிடம் கேட்டுப் பெறுவது கடமை என்பதை உலகம் மெல்லத்தான் கற்றது. இன்று நோயாளியின் ஒப்புதலின்றி ஆய்வுக்கு மாதிரி எடுக்கலாகாது என நம் நாட்டு நெறிமுறைகளும் கூறுகின்றன.

கொடுத்தவரின் நிய்யத்தை அல்லாஹ் ஒருவனே அறிவான். எனினும் மறைவான தருமத்தையும், இறப்புக்குப் பின்னும் நன்மை சேர்க்கும் ஸதக்கத்துல் ஜாரியாவையும் குறித்துப் பேசும் நாம், இத்தகையோரையும் நினைவில் கொள்ளுதல் தகும்.

அந்நினைவு நம் வீடுகளிலும் செயலாக வேண்டும். தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாக 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் ஏற்றிருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அதனை நீக்கிற்று. ஏட்டிலிருந்து நீங்கிய அச்சம் உள்ளங்களிலிருந்து நீங்கியதா என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நிறம் வெளுத்து உணர்ச்சியற்ற தேமல் தோன்றினால் வெட்கி மறைக்கலாகாது. அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதமோ ஓராண்டோ உட்கொண்டால் நோய் நீங்கும். சம்பந்தம் பேசுமிடத்தில் குணமடைந்தவரின் பழைய நோயைத் தூற்றுவோர், அவரைப் போன்றோர் தந்த கொடையால்தான் இந்நிலை வாய்த்தது என்பதை மறந்துவிடுகின்றனர்.

பெயர் அறியப்படாத அந்த நல்லுள்ளங்கள் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் நற்கூலி வழங்குவானாக. நம் கைக்கு வந்த அமானிதங்களைப் பேணும் உள்ளத்தை நமக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.